இடைவெளியை அடைக்காதீர்கள்

2024 மார்ச் மாதத்தில் கெடாவின் பொக்கோக் சேனாவுக்கு மலேசிய வானிலை ஆய்வுத் துறை இரண்டாம் நிலை வெப்ப எச்சரிக்கை விடுத்தது. தொடர்ந்து மூன்று நாள்களாவது உச்ச வெப்பநிலை 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் அந்த எச்சரிக்கை வரும். அது நிழலில் அளக்கும் காற்றின் வெப்பநிலை. காலையில் 25 டிகிரியில் இருக்கும் கருநிறத் தகடு, நேர் வெயிலில் 65 டிகிரியை எட்டக்கூடும். பிற்பகலில் ஒரு மழை கொட்டினால் சில நிமிடங்களில் மளமளவென்று குளிர்ந்துவிடும்.

இந்த ஏற்ற இறக்கம்தான் கட்டடங்களின் வெளிப்புறத்தைச் சோதிக்கிறது. ஒரு மீட்டர் அலுமினியம், ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.023 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதில் பாதியளவு நீளும். அப்படியானால் 6 மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறும்போது ஐந்தரை மில்லிமீட்டர் நீள்கிறது. நீள இடமில்லாமல் திருகுகள் இறுகப் பிடித்திருந்தால் தகடு புடைக்கும், துளை அகலும், மழைநீர் புகும். தோட்டத்து லயத்து வீடுகளின் தகரக் கூரை மாலையில் ‘டக் டக்’கென்று சத்தமிடுவதும் இந்த அசைவினால்தான்.

சுவரில் ஒட்டிய டைல்ஸ் ஓர் அளவும், அதன் பின்னுள்ள சிமெண்டுப் பூச்சு வேறோர் அளவும் விரிகின்றன. நாள்தோறும் இழுபட்டுப் பிடி தளர்ந்தால் ஒருநாள் கழன்று விழும். கீழே நிற்பது யாரென்று அது பார்க்காது.

இதற்கு மருந்து இடைவெளி. தகட்டுக்கு நீள்துளை, டைல்ஸ் பகுதிகளுக்கிடையே நெகிழும் பசை நிரப்பிய இணைப்பு, கூடவே வெளிர்நிறச் சாயம். ஆனால், பொது மண்டபங்களைப் புதுப்பிக்கும்போது, ‘பார்க்க அழகாக இல்லை’ என்று அந்த இடைவெளியைச் சிமெண்டால் பூசி மூடுவதை நான் கண்டிருக்கிறேன். அழகுக்காகச் செய்த வேலை பிறகு வெடிப்பாகத் திரும்பி வருகிறது. நெகிழும் பசைக்குச் செலவு கூடும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், பெயர்ந்த சுவரை மீண்டும் கட்டும் செலவு அதைவிடப் பெரிது.

மாணவர்களே, வெப்ப விரிவு தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் பாடமன்று. கூலிம், ஜித்ரா பாலிடெக்னிக்குகளில் பயிலும் உங்களில் சிலர் நாளை கட்டுமான மேற்பார்வையாளர் ஆவீர்கள். அதற்கு முன்பே, உங்கள் பள்ளியிலோ கோயிலிலோ சீரமைப்பு வேலைக்கு விலைப்பட்டியல் வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “விரிவதற்கு எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள்?” பதில் தெளிவாக வந்த பிறகு பெரியவர்கள் கையெழுத்திடட்டும்.