கரை கடக்கும் இடத்துக்குப் பந்தயம் கட்டும் தம்பிமாருக்கு

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் தலைகாட்டினால் போதும், நம்மூர் வட்ஸ்அப் குழுமமெல்லாம் வின்டி ஸ்கிரீன்ஷொட்தான். ஒருவர் திருகோணமலை என்பார், மற்றவர் நாகப்பட்டினம் என்பார். அமெரிக்க மொடலா, ஐரோப்பிய மொடலா என்று கிரிக்கெட் மெட்ச் மாதிரிச் சண்டை. பத்து நாளைக்கு அப்பால் ஜிஎஃப்எஸ் காட்டும் சுழி, ஆறு மணித்தியாலத்தில் வரும் அடுத்த கணிப்பிலேயே காணாமல் போகலாம். இது அவர்களுக்கும் தெரியும்.

வானிலை பார்ப்பது நல்ல பழக்கம். என் வகுப்புப் பிள்ளைகளையும் பார்க்கத்தான் சொல்கிறேன். ஆனால் கரை கடக்கும் இடம் என்பது புயலின் மையம் தரையைத் தொடும் இடம் மட்டுமே. மெப்பில் வரும் கூம்பும் அந்த மையம் போகக்கூடிய பாதைதான். மழை எங்கே கொட்டும் என்று அது சொல்லாது.

2024இல் ஃபெங்கால் கரை கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில், நவம்பர் 30. அதற்கு நான்கு நாள் முந்தி, அதற்குப் பெயர்கூட வைக்கப்படாத நேரத்தில், மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. "இந்தியாவுக்குப் போகுது, நமக்கு ஒண்டுமில்ல" என்று எழுதுகிறவர்களே, அந்த வீதியை எந்தக் கூம்பில் தேடுவீர்கள்?

78 சூறாவளியைக் கண்ட நம் மூத்தவர்கள் காற்றைத்தான் கதையாகச் சொன்னார்கள். நாமும் காற்றையே தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த தாழமுக்கத்துக்கு மெப் போடுகிறவர், எந்த வீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பாலத்தால் போகேலாது என்பதையும் சேர்த்துப் போடட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.