தாமதம் யாருடையது?

எமது கடைப் பையன் மஹரகமவிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறான். நுகேகொடையைத் தாண்டுவதே பெரும்பாடு. புறக்கோட்டைக்கு வந்து சேர ஒன்பதரையாகிவிடும். அரை மணி நேரத்துக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டும் முதலாளிமார் நம்மிடையே உண்டு. நானும் ஒரு காலம் வெட்டியவன்தான்.

ஜப்பான் கடனில் வரவிருந்த மாலபே - கோட்டை இலகு ரயில் திட்டத்தை 2020இல் அரசு கைவிட்டபோது எல்லோரும் ஏசினோம். ஏசத்தான் வேண்டும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியவன் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழையப் படும் பாடு? காலை எட்டு மணிக்கு லொறியை நிறுத்திச் சாமான் இறக்குவதும், நடைபாதையில் மூட்டை அடுக்குவதும் அரசாங்கமா? நாட்டாமிமாருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் விடியுமுன் இறக்கிவிடலாம். வர்த்தக சங்கங்கள் கூடிப் பேசட்டும்.

நான் சம்பளம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். கடையைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறேன். வியாபாரம் குறையவில்லை.