ஒட்டுப் போட்டால் கேவலமா?



தீபாவளி, பொங்கல் சமயத்தில், உங்கள் தெரு தையல் கடையை எட்டிப் பாருங்கள். மிஷினுக்குக் கீழே கட்டம், கோடு, பூப்போட்டது என, வெட்டுத்துணிகள் குவிந்து கிடக்கும். அத்தனையும் குப்பைக்குத் தான் போகும். 'அவற்றைச் சேர்த்துத் தைத்தால், குளிருக்கு இதமான போர்வை கிடைக்கும்' என்று சொன்னால், 'ஐயே... ஒட்டுப் போட்ட துணியா?' என முகம் சுளிப்பீர்கள். அந்த, 'ஐயே'வைத் தான் விட வேண்டும் என்கிறேன்!

கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டக் காட்டுக் கிராமங்களில், சித்தி என்ற மக்கள் வாழ்கின்றனர். பல நூறு ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். இவர்கள் வீட்டுப் பெண்கள், கிழிந்த சேலை, சட்டை, பாவாடைகளைக் கொண்டு, 'கவந்தி' என்ற போர்வை தைக்கின்றனர். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்தில் துவங்கி, துண்டுகளை வைத்து வைத்து, சுற்றிச் சுற்றி நடுப்பகுதி வரை தைத்து வருவர். எல்லாம் கைத்தையல் தான். கடைசியில் நான்கு மூலைகளிலும், துணியை முக்கோணமாக மடித்து, 'பூ' வைப்பர். பூ இல்லாத கவந்தி, உடை உடுத்தாத உடம்பு மாதிரியாம்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், ஏழைக் கறுப்பினப் பெண்கள், வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளில் போர்வை தைத்தனர். 2002ல், அவற்றை அருங்காட்சியகத்தில் வைத்தனர். 2006ல், அந்த போர்வைகளின் படங்களோடு, 10 தபால் தலைகளை வெளியிட்டது அமெரிக்க தபால் துறை. ஒட்டுத்துணிக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா?

'கடையில் மலிவாகப் போர்வை கிடைக்கிறதே...' என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால், 'இது தாத்தா சட்டை. இது நான் போட்ட முதல் கவுன்' என்று, அதில் விரல் வைத்துக் காட்ட முடியுமா?

'தையல், பெண் பிள்ளைகள் வேலை' என்பர், பையன்கள். உங்கள் சட்டையைத் தைத்த டெய்லர் யார் என்று போய்ப் பாருங்கள். பல ஊர்களில் அவர் ஆண் தான்!

செய்வதும் சுலபம். பருத்தித் துணிகளாகச் சேருங்கள். துவைத்துக் காய வைத்து, 17 செ.மீ., சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு பக்கமும், 1 செ.மீ., உள்ளே விட்டு, ஓட்டுத் தையல் போட்டு இணையுங்கள். வரிசைக்கு எட்டு வீதம், 10 வரிசை; மொத்தம், 80 துண்டுகள். 120 செ.மீ., அகலம், 150 செ.மீ., நீளத்தில் போர்வை தயார். அடியில் பழைய நூல் சேலையை மடித்து வைத்து, அங்கங்கே தைத்து விட்டால், கதகதப்பாக இருக்கும். துணி வெட்டும்போது மட்டும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரே நாளில் முடிக்க வேண்டாம். விடுமுறையில், தினம் நாலு துண்டு போதும். 20 நாளில் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து விடும்.

போர்வையை விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரு ஒட்டுப் போட எத்தனை தையல் வேண்டும், எத்தனை முறை விரலில் ஊசி குத்தும் என்பது தெரிந்த பிள்ளை, ஒட்டுப் போட்ட சீருடையோடு, பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காது. அந்த ஒட்டுக்குப் பின்னால், ராத்திரி கண் விழித்துத் தைத்த ஓர் அம்மா இருப்பது, அதற்குப் புரியும்.

அதற்காகவே, ஒவ்வொரு பிள்ளையும் ஊசி, நூல் பிடிக்கப் பழக வேண்டும். என்ன செல்லங்களே... இந்த விடுமுறையில் ஆரம்பிக்கலாமா?