பீப் சத்தம் வந்தா போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் சாப்பாடு. புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. வத்தக்குழம்பு, கிரிக்கெட், யார் பிள்ளை எந்த கோச்சிங்கில் சேர்ந்திருக்கு... கடைசியில் பேச்சு என் பக்கம் திரும்பியது.

"ஏம்ப்பா, பால்கனியில பொண்ணைக் கூட உக்கார வச்சுக்கிட்டு சால்டரிங் பண்றியாமே? பொம்மை காருக்கு வயரிங்காமே? கடையில கொடுத்தா இருநூறு ரூபாய்க்குப் போட்டுத் தர்றான். படிச்சவன் பண்ற வேலையாய்யா இது?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். தங்கமணி பார்த்த பார்வையில் அங்கே வாயைத் திறக்க தைரியம் வரவில்லை :-) அங்கே சொல்லாத பதில்தான் இது.

முதலில் அந்த 'பொம்மை' மேட்டர். என் மகளிடம் இருப்பது எட்டில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். பிரஷ்லெஸ் மோட்டார், நாலு செல் லிப்போ பேட்டரி. சாதாரணக் கணக்கில் 14.8 வோல்ட், முழு சார்ஜில் 16.8. நின்ற இடத்திலிருந்து முழு விசையில் கிளம்பும்போது, நொடிப்பொழுதுக்குத்தான் என்றாலும், 100 ஆம்பியரைச் சுலபமாகத் தொடும். 14.8-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1500 வாட். குளியலறை கீசர் 2000 வாட். அதாவது என் பெண் மைதானத்தில் ஓட்டுவது முக்கால் கீசர்!

கீசருக்கு 230 வோல்ட் இருப்பதால் ஒன்பது ஆம்பியர் போதும். இங்கே வோல்டேஜ் குறைவு, அதனால் கரண்ட் பத்து மடங்குக்கு மேல். ஒயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். பத்து மடங்கு கரண்ட் என்றால் நூறு மடங்கு சூடு. ப்ளஸ் டூவில் எல்லோரும் படித்ததுதான். மார்க்கும் வாங்கினோம். அதோடு சரி.

இப்போது கொசுவத்தி. போன ஏப்ரல். பேட்டரியில் ஒரு மாதிரி பிளக், காரில் இன்னொரு மாதிரி. ரெண்டையும் இணைக்க ஒரு அடாப்டர் ஒயர் வேண்டும். நானும் எல்லோரையும் போல ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஓரடி நீள ஒயர் ரெடி. கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 'பீப்' என்றது. "ஓகே சார்" என்றார். நானும் ஓகே.

மைதானத்தில் பத்து நிமிடம் ஓடியிருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாசனை. நான் எழுந்து போவதற்குள் மகள் ஓடிப்போய் மேல்மூடியைக் கழற்றி பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். ரெண்டு விரலில் கொப்புளம். பிளக் வரவில்லை. ஆண் பெண் ரெண்டும் உருகி ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி, கழற்ற வழியில்லை.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடுத்தார். நான் சிவப்பு கறுப்பு ரெண்டு ஒயரையும் சேர்த்து வாயில் வைத்து அழுத்தப் போனேன். அந்த மனுஷன் கையைப் பிடித்துவிட்டார். "ஏக் ஏக் கர்கே காட்டோ, சாப்!"

ரெண்டையும் சேர்த்து வெட்டினால் பிளேயரே ஷார்ட் சர்க்யூட். அந்த பேட்டரி அப்படியே என் கையில் கொட்டியிருக்கும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்த பி.ஈ. இருபது வருடமாகப் பொட்டி தட்டுகிறேன். ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கடைக்காரர் மேல் அல்ல, என் மேல்.

அப்புறம் அபார்ட்மெண்டில் வழக்கமான பஞ்சாயத்து. "லித்தியம்னாலே வெடிகுண்டு சார்", "இதையெல்லாம் உள்ளே விடக்கூடாது", "சீப் பேட்டரியா இருக்கும்". 2022 மார்ச்சில் இதே புனேயில் ஒரு மின்சார ஸ்கூட்டர் தெருவோரம் நின்றபடியே எரிந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பயம் நியாயம்தான். ஆனால் என் பேட்டரி உப்பவில்லை. நாலு செல்லையும் அளந்தேன், சமமாக இருந்தன. எரிந்தது பேட்டரி அல்ல. யாரும் திரும்பிப் பார்க்காத அந்த ஓரடி ஒயர்.

மறுநாள் அதை அறுத்துப் பார்த்தோம். மகளும் நானும்.

ஒயர் மேலே '12 கேஜ்' என்று அச்சடித்திருந்தது. உண்மையான 12 கேஜ் என்றால் 3.3 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினோம். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! அதே பருமனுள்ள செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். நல்ல சிலிக்கான் ஒயரில் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக இருக்கும்: மேலே ஈயம் பூசின வெள்ளை, உள்ளே சிவப்பு. பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒயர் வாங்குகிற யாராவது சுரண்டிப் பார்க்கிறோமா?

அடுத்தது பத்தவைத்த இடம். ஈயம் ஒயருக்குள் இறங்கவே இல்லை. மேலே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. சின்ன அயர்னை வைத்து அவசரத்தில் ஒட்டியது. 'கோல்டு ஜாயிண்ட்' என்பார்கள்.

சரி, பீப் வந்ததே? அங்கேதான் ஏமாற்று. மல்டிமீட்டரின் பீப், பத்திருபது ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் கத்தும். நமக்குப் பிரச்சினை ஓமில் அல்ல, மில்லி ஓமில். வெறும் 4 மில்லி ஓம் தடை உள்ள ஜாயிண்டில் 100 ஆம்பியர் போனால் 40 வாட் சூடு. கடையில் கிடைக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். புளியங்கொட்டை அளவு இடத்தில் ஒன்றரை அயர்னை வைத்துவிட்டு, விசையை அழுத்தும்போதெல்லாம் ஸ்விட்ச் போடுகிறோம். வழக்கமான ஈயம் 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். இளகினால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. அப்புறம் பிளக் உருகாமல் என்ன செய்யும்? மீட்டர் மட்டும் கடைசி வரை பீப் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் நாங்களே போட்டோம். எப்படி என்று கேட்பவர்களுக்கு:

ஒயர் - 10 கேஜ், செம்பு, சிலிக்கான் உறை. மீட்டருக்கு 3.3 மில்லி ஓம். 14 கேஜ் என்றால் 8.3. சிலிக்கான் உறை 200 டிகிரி தாங்கும். வீட்டு வயரிங்கில் வரும் சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் கணக்கு. புத்வார் பேட்டை தப்கீர் கல்லியில் அலைந்து, கடை வாசலிலேயே ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினோம்.

நீளம் - எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பேட்டரிக்கும் ஸ்பீடு கண்ட்ரோலருக்கும் நடுவே ஒயர் நீண்டால், கரண்ட் வெட்டி வெட்டிப் போகும்போது வோல்டேஜ் எகிறும். கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள்தான் அந்த அடியை வாங்கும். நீளம் தேவைப்பட்டால் மோட்டார் பக்கத்து ஒயரை நீட்டுங்கள்.

பிளக் - அடாப்டரே வேண்டாம் என்று ரெண்டு பக்கமும் எக்ஸ்டி-90 போட்டோம். அடாப்டர் என்றால் கூடுதலாக ஒரு பிளக் ஜோடி, நாலு ஜாயிண்ட். பேட்டரி பக்கம் எப்போதும் உலோகம் உள்ளே மூடியிருக்கும் பகுதி. தவறியும் எதன் மேலும் உரசக் கூடாது.

பத்தவைப்பது - அகலமான முனையுள்ள 60 வாட்டுக்கு மேற்பட்ட அயர்ன். சின்னதை வைத்து அரை மணி மல்லுக்கட்டினால் ஈயம் உருகுவதற்கு முன் பிளக் உருகும். பத்தவைக்கும்போது பிளக்கின் ஜோடியை மாட்டி வையுங்கள், உள்ளே இருக்கும் கம்பிகள் கோணாமல் நிற்கும். ஒயருக்கும் பிளக்குக்கும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு அப்புறம் சேர்க்க வேண்டும். ஹீட் ஷ்ரிங்க் டியூபை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். நான் ரெண்டு தடவை மறந்தேன் :-(

பேட்டரி பக்கம் - ஒரு ஒயரை வெட்டு, பத்தவை, உறை போடு. அது முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஆட்டோ அண்ணா வாக்கு.

இனி எதிர்க்கட்சிகளுக்கு வருவோம்.

"இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்ய வேண்டிய வேலை." ஒத்துக்கொள்கிறேன். வீட்டு 230 வோல்ட் லைனை நான் தொடுவதில்லை, லைசென்ஸ் உள்ளவர்தான் வருவார். ஆனால் இந்த வேலையைத் 'தெரிஞ்சவர்' எப்படிச் செய்தார்? என் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் கேட்டது ரெண்டே கேள்வி: "எவ்வளவு ஆகும்?", "எப்ப கிடைக்கும்?" அதற்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. முப்பதாயிரத்துக்குக் கார் வாங்கிவிட்டு ஒயரில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகள் நாம்.

"சின்னப் பொண்ணு கையில 350 டிகிரி அயர்னா?" அவளுக்குப் பதிமூன்று வயது. தோசைக்கல் முன்னால் நிற்க விடுகிறோம், கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் பொரிக்க விடுகிறோம். அயர்னுக்கும் அதே மாதிரி விதிகள் உண்டு. கண்ணாடி போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடித்ததும் கை கழுவ வேண்டும், ஏனென்றால் ஈயம். பேட்டரி பக்கத்து ஜாயிண்ட் அவளுக்குக் கிடையாது, அது என் வேலை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

"நீ போடுறது மட்டும் ஒழுங்கா இருக்கும்னு என்ன நிச்சயம்?" இதுதான் சரியான கேள்வி. ஒரு நிச்சயமும் இல்லை. என் முதல் ஐந்து ஜாயிண்ட் குப்பை. மகள் மூன்றாவதிலேயே பிடித்துவிட்டாள். அதனால்தான் அளக்கிறோம். 12 வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று, 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்று, நடுவே நம் ஒயர். சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். அப்போது ஜாயிண்டின் ரெண்டு பக்கமும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒயரின் உருகாத மறுமுனை 18 மில்லிவோல்ட் காட்டியது. நாலரையால் வகுத்தால் 4 மில்லி ஓம். மகள் போட்டது அரை மில்லிவோல்ட்கூட இல்லை. பீப் சொல்லாததை ஒரு பழைய பல்ப் சொல்லிவிட்டது.

அளந்த பிறகும் மூன்று நிமிடம் ஓட்டி, நிறுத்தி, தொட்டுப் பார்க்கிறோம். முதலில் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய், அப்புறம் விரல். இது என் அப்பாவின் பழக்கம். கோவையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வைத்திருந்தார். கட்டின மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, புறங்கையை வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டார். என்னை மட்டும் பட்டறைப் பக்கம் விட்டதே இல்லை. "நீ போய்ப் படிக்கிற வேலையைப் பாரு." அவர் கையில் இருந்த தழும்புகளுக்கும், மாசக் கடைசியில் கல்லாப்பெட்டி இருந்த நிலைக்கும், அவர் சொன்னது சரிதான்.

ஆனால் அவர் எனக்கு வேண்டாம் என்றது அந்தக் கஷ்டத்தை. நான் அதோடு சேர்த்து அந்த அறிவையும் விட்டுவிட்டேன். நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே? ஊரை விட்டு வந்தோம், ஃபிளாட் வாங்கினோம், பிள்ளைக்குக் கோடிங் கிளாஸ் கட்டினோம். வீட்டில் ஒழுங்காக ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா? எதையும் இன்னொருவரிடம் கொடுக்கக் காசு இருக்கிறது. வாங்கும்போது அது சரியா தப்பா என்று சொல்லத் தெரியவில்லை. கையால் செய்கிறவனுக்கு மரியாதை கொடுக்கவும் மாட்டோம், அவன் செய்ததைச் சோதிக்கவும் தெரியாது. கடைசியில் கொப்புளம் பிள்ளையின் விரலில்.

ஸோ, நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், படிச்சவன் பண்ற வேலைதான் இது. பண்ணாமல் விட்டதுதான் தப்பு. அடுத்த ஞாயிறு உங்கள் பையனை அனுப்புங்கள். அவன் காரிலும் ஒரு அடாப்டர் ஒயரைப் பார்த்தேன். பல்ப் ரெடியாக இருக்கிறது.

டிஸ்கி: சாப்பாடு பிரமாதம். வத்தக்குழம்புக்கும் இந்தப் பதிவுக்கும் எந்த உள்குத்தும் கிடையாது :-)