கதிரையில் இருந்தால் சோம்பேறியா?



சுபஹுக்கு எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறினது போல ஒரு குத்து. நாலு அடி நடந்தால் குறையும், பின்னேரம் திரும்ப வரும். ஹெந்தளையில் படிப்பிக்கிற எங்களில் பலருக்கு இது பழகிப்போன வலி. "வயசு போகுது" என்று தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறோம்.

இதற்குப் பேர் பிளாண்டர் ஃபஸைட்டிஸ். குதி எலும்பிலிருந்து விரலடி வரை போகிற தடித்த சவ்வு, நாளெல்லாம் சீமெந்துத் தரையில் நின்று நொந்துபோவது. கட்டிலை விட்டு இறங்க முன் கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். ஐஸ் போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். பெரும்பாலானோருக்கு ஒப்பரேஷன் இல்லாமலே சுகமாகும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வீக்கமோ விறைப்போ இருந்தால், சீனி வருத்தம் உள்ளவர் என்றால், டொக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் ஆறு, ஏழு பாடவேளை நின்றுகொண்டே இருந்தால் இவ்வளவு செய்தும் பலன் குறைவு. இருந்து படிப்பித்தால் சோம்பேறி என்ற பார்வை மாற வேண்டும். தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க 2021இல் சட்டமே கொண்டுவந்தார்கள். நின்று தொழ முடியாதவர் இருந்து தொழ மார்க்கமே இடம் தருகிறது. வகுப்பில் ஒரு கதிரைக்கு நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அதிபர்மாரே, பெற்றோரே, இருந்து படிப்பிக்கிற டீச்சரைக் கண்டால் ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுத்து குரூப்பில் போடாதீர்கள்.