வாரம் ஒண்ணா, தினம் ஒண்ணா?

டாக்டர் சீட்டில் "1-0-1" என்று கிறுக்கியிருப்பார். காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. மருந்துக் கடைப் பையன் கவரில் டிக் போட்டுக் கொடுப்பான். ஊரில் பாதிப் பேர் மருந்து சாப்பிடுவது இந்தக் கணக்கில்தான். பெரும்பாலும் இதுவே போதும்.

போதாத இடமும் உண்டு. அங்கேதான் ஆபத்து.

மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அன்றைக்கு எத்தனை மாத்திரை என்பது டாக்டர் சொல்வது. "1-0-0" என்று எழுதினால் அதில் கிழமைக்கு ஏது இடம்? தினம் காலையில் ஒன்று என்று விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும். ரத்த அணுக்கள் குறைந்துபோகும். உயிரே போனதும் உண்டு. பல நாடுகளில் நடந்திருக்கிறது. கூடவே தரும் போலிக் ஆசிட்டும் பல கம்பெனிகளில் அதே மாதிரி மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. கண் மங்கிய பாட்டிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

குழந்தை மருந்திலும் இதே வம்பு. காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் சொட்டு மருந்தில் சாதாரணமாக 1 மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். 125 என்று போட்ட சிரப்பில் 5 மில்லிக்குத்தான் அந்த 125. "சிரப் தீர்ந்துபோச்சு, சொட்டு மருந்து இருக்கே" என்று அதையே 5 மில்லி ஊற்றினால் 500. நாலு மடங்கு! ஈரல் தாங்குமா?

மருந்துப் பெயரைப் புரியும்படி, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி 2016-ல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. நல்ல காரியம். ஆனால் எத்தனை பெரிய எழுத்தானாலும் அது இங்கிலீஷ் எழுத்துதானே!

"வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை மட்டும்." தமிழில் அஞ்சு வார்த்தை. டாக்டர் எழுதலாம். அவருக்கு நேரமில்லை என்றால் கடைக்காரர் கவரில் எழுதலாம். கூட்டம் என்பார்கள். அந்தக் கூட்டத்திலும் சில்லறை எண்ண மட்டும் நேரம் இருக்கிறதே!

வாங்குகிறவரும் கவரைப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். "அண்ணே, இது தினமுமா, வாரத்துக்கு ஒரு நாளா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பதில் வந்த பிறகு கிளம்பினால் போதும். அடுத்த பஸ் இருக்கிறது.