ஆடவும் பாட்டுக் கேட்கவும் ஒரு திடல்

சென்னையில் நல்ல பாட்டு எங்கே கேட்கலாம் என்று வெளியூர்க்காரர் ஒருவர் மார்கழியில் கேட்டால், சட்டென்று பத்து இடம் சொல்லிவிடுவோம். எங்கே போய் ஆடலாம் என்று கேட்டால் எந்த மாதத்திலும் நம்மிடம் பதில் இல்லை. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்த நகரம் இது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு போய், நேரில் வாசிப்பதைக் கேட்டு, மனம் வந்தால் நாலு அடி ஆடிவிட்டு வீடு திரும்ப இங்கே நிலையான இடம் கிடையாது. இந்தக் குறையை மாநகராட்சி மட்டும் தீர்த்துவிட முடியாது. நாம் எல்லோரும் கைகொடுக்க வேண்டும்.

இருப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. மியூசிக் அகாடமி 1928 முதல் நடக்கிறது. சபாக்களில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. வளரும் பாடகர்களை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கச்சேரியை மீனவர்களின் வாசலுக்கே கொண்டுபோனது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது வடசென்னையின் கானாவுக்கு நகரமே காதுகொடுத்தது. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் பொங்கலையொட்டிக் கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் அழைத்துவருகிறது. ஆனால் பொங்கல் முடிந்ததும் கலைஞர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். திடல் பழையபடி இருட்டாகிறது.

ஆட நினைப்பவர் நிலை இன்னும் மோசம். நட்சத்திர ஓட்டல்களின் நடனக் கூடங்களுக்குக் கையில் காசு வேண்டும்; தனியாக வரும் ஆண்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதுமில்லை. நவராத்திரியில் சௌகார்பேட்டைப் பக்கம் தாண்டியா உண்டு. கல்யாண ரிசப்ஷனில் டிஜே உண்டு. குப்பத்துப் பையன்கள் சாவு ஊர்வலத்தில் ஆடுகிறார்கள். மற்ற நாட்களில் எவருக்கும் எதுவும் இல்லை. ஒயிலாட்டமோ கும்மியோ பார்ப்பதற்கு மட்டுமான கலை அல்ல. ஒயிலாட்டத்தில் கையில் ஒரு துணியோடு வரிசையின் கடைசியில் போய் நின்றால் யாரும் நாலைந்து சுற்றில் அடவைப் பிடித்துவிடலாம். அதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியாக மாற்றிவிட்டோம்.

பார்ப்பதோடு நிற்காதவர்களும் உண்டு. இப்போது ஐ.டி. வேலையில் இருக்கும் பெண்களும் பையன்களும் வார விடுமுறையில் பறை கற்கிறார்கள். காகிதத்தையோ வைக்கோலையோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று வந்த பிறகுதான் வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சிண்டுக்குச்சியும் எடுப்பார்கள். அடி விழுந்த சற்று நேரத்தில் அக்கம்பக்கத்திலிருந்து புகார் வருவதும் வழக்கம்தான்.

அந்தப் புகாரில் நியாயம் எவ்வளவு என்று நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கும் வீட்டின் கோபம் நியாயமானது. அதை ரசனையில்லாதவர் கோபம் என்று ஒதுக்கக் கூடாது. ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது, ஸ்பீக்கரை வீடுகளுக்கு எதிர்ப்புறம் திருப்பி வைப்பது, ஆஸ்பத்திரியையொட்டிய திடலைத் தொடாமல் விடுவது எல்லாம் கலைஞர்கள் பக்கக் கடமை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பிள்ளைகள் மைக் இல்லாமலே கச்சேரி செய்திருக்கிறார்கள்.

ஆனால் கட்சிக் கூட்டத்தின் குழாய் ஒலிபெருக்கியையும் ஆடி மாத விழாப் பாட்டையும் பொறுத்துக்கொள்ளும் தெரு, பறைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்துமானால் அங்கே குறுக்கே நிற்பது டெசிபல் அல்ல. பறை என்றால் சாவு மேளம், அது இன்னாருக்கு உரியது என்ற சாதி எண்ணம். அதைக் களைவது நம் வீட்டுப் பெரியவர்கள் பொறுப்பு. சபாக்களும் தங்கள் இளம் கலைஞர்களைத் திடலுக்கு அனுப்பி, கானாக்காரர்களோடும் பறைக்குழுவோடும் ஒரே மேடையில் ஏற்ற வேண்டும்.

பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்த்தோம். ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்கள் நெரிசலில் தவித்தார்கள். நடந்து போகும் தூரத்தில் ஐந்நூறு பேர் கூடும் சிறு மேடைகள் நகரெங்கும் இருந்தால் இந்த முட்டிமோதல் குறையும். மாநகராட்சியிடம் 200 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கு ஒரு திடல் என்று குறித்து, விளக்கும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் தரட்டும். அனுமதிக்காக ஸ்டேஷனுக்கும் மண்டல அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கவிடாமல், போலீசும் மாநகராட்சியும் ஒரே விண்ணப்பத்தில் முடித்துக்கொடுக்கட்டும். ஆட்டம் முடிந்து வருபவர்களுக்குப் பஸ் இருக்கட்டும். கேட்கப் போகும் நாமும் கலைஞர்களுக்குச் சம்பளம் கிடைக்க உண்டியலில் பணம் போட வேண்டும். நையாண்டி மேளக்காரர் பஸ் செலவுக்குக் கையிலிருந்து போட்டு வாசிக்கும் நிலை நீடித்தால் எந்தத் திடலும் ஆறு மாதம் தாங்காது.

உங்கள் வார்டின் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். தண்ணீர், குப்பை, தெருவிளக்குப் பேச்சு முடிந்ததும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலைக்குத் திடலைக் கேளுங்கள். சத்தம் கூடாது என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.